மங்குஸ்தான் ஓடு

எங்கள் ஊரில் மழைக்கு முன்னால் எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். மழைக்குப் பின்னால் எங்கள் வீட்டைப் பார்ப்பார்கள். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. சாயல்குடிக்குத் தெற்கே, கடலுக்கும் எங்களுக்கும் நடுவில் பனங்காடும் உப்பளமும் மட்டுமே கிடக்கிற ஊர் அது. குடிக்க ஒரே ஊருணி. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும், ஒன்பது மாதமாக வெட்டவெளியில் காய்ந்து கிடந்த ஆட்டுப்புழுக்கை, மாட்டுச்சாணி, இன்னும் எழுத்தில் சொல்லக் கூடாததெல்லாம் கால்வாய் வழியாக வந்து அந்த ஊருணியில் சேரும். புதுத்தண்ணி வந்துவிட்ட சந்தோஷத்தில் ஊரே குடம் குடமாக மொண்டு குடிக்கும். பத்தாம் நாள் வீட்டுக்கு ஒருவராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் ஓடுவார்கள். பெரியவர்களுக்கு அது இரண்டு நாள் கழிச்சலோடு போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்குச் சீதமும் ரத்தமுமாகப் போகும். முதுகுளத்தூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினால் போய்ச் சேர அரை நாள் ஆகும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

எங்கள் வீட்டில் அடுப்புக்கு மேலே, புகை படுகிற இடத்தில், பனைநாரில் கோத்த மங்குஸ்தான் ஓடு தொங்கும்.

மங்குஸ்தான் எங்கள் பக்கத்தில் விளைகிற பழம் இல்லை. அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். அய்யா சிலோனில், கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். தலைமன்னாரிலிருந்து கப்பல், தனுஷ்கோடியிலிருந்து ரயில், ராமநாதபுரத்திலிருந்து பஸ், சாயல்குடியிலிருந்து நடை. இத்தனையும் தாண்டி ஓர் ஓலைக்கூடை அவரோடு வரும். கூடையில் பாதி அழுகியிருக்கும். மீதிப் பழங்கள் கத்தரிக்காய் நிறத்தில், கெட்டித் தோலோடு, தலையில் நாலு பச்சை இதழ்களோடு இருக்கும். அய்யா இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து ஓர் அழுத்து அழுத்துவார். ஓடு பிளந்து, உள்ளே வெள்ளைப்பூண்டு மாதிரி சுளைகள் தெரியும்.

உடைப்பதற்கு முன்னால் அய்யா ஒரு வித்தை காட்டுவார். பழத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஆறு சுளை" என்பார். உடைத்தால் ஆறு இருக்கும். "இதுல அஞ்சு." அஞ்சே இருக்கும். தெருப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். கடைசியாக அவர் வந்திருந்தபோது எனக்கு ஏழு வயது. கிளம்புவதற்கு முதல் நாள் என்னை மட்டும் கூப்பிட்டு ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்தார். பழத்தின் அடியில் சின்னப் பூ அச்சுக் குத்தினாற்போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. அன்றிலிருந்து எனக்குத் தெரியாதது எதுவும் இந்த உலகத்தில் இல்லை என்கிற எண்ணம் எனக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு அது இன்னும் முற்றிப்போயிற்று. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

சுளை எங்களுக்கு, ஓடு ஊருக்கு. அம்மா ஒரு துண்டு ஓட்டைக்கூட வீசமாட்டாள். நிழலில் உலர்த்தி, நாரில் கோத்து, அடுப்புக்கு மேலே கட்டிவிடுவாள். யாராவது பிள்ளைக்குச் சுகமில்லை என்று வந்தால் ஒரு விரல் அகலத்துக்கு உடைத்து, அம்மியில் தண்ணீர் விட்டு அரைத்து, மோரில் கலக்கிக் கொடுப்பாள். செங்காவி நிறத்தில் இருக்கும். நான் விரலில் தொட்டு நக்கிப் பார்த்திருக்கிறேன். நாக்கு இழுத்துக்கொண்டு அரைமணி நேரம் பேச்சு வராது. மூன்று வேளையில் ரத்தம் நிற்கும். நிற்காதவர்களும் உண்டு, அவர்களுக்கு வண்டி கட்டுவார்கள். ஆனால் ஊர் பேசியதெல்லாம் நின்றவர்களைப் பற்றித்தான்.

மருந்து வாங்க வருகிறவர்களுக்கு ஒரு முறை இருந்தது. பதிலுக்கு எதுவும் தரக்கூடாது. போகும்போது "போய்ட்டு வாரேன்" என்றும் சொல்லக்கூடாது. சொன்னால் நோய் திரும்ப வரும். கிண்ணத்தை முந்தானையில் மூடிக்கொண்டு வாய் திறக்காமல் எழுந்து போவார்கள். மற்ற நாட்களில் வாசலில் நின்று ஒரு மணி நேரம் வாயாடுகிற பெண்களெல்லாம் அப்படி ஊமையாகப் போவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

ஓடு கொடுப்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமிதம் இருந்தது. "அவுக சிலோன்லருந்து கொண்டாந்தது" என்று ஒவ்வொரு கிண்ணத்தோடும் ஒரு தடவை சொல்லிக் கொடுப்பாள். அதுவும் மருந்தில் சேர்ந்த ஒரு சரக்கு என்றே நான் நினைத்திருந்தேன்.

அய்யா வரவேண்டிய வருஷம் வந்தது, அய்யா வரவில்லை. பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடி அதிகமாகிவிட்டதாகக் கடுதாசி வந்தது. அடுத்த வருஷமும் வரவில்லை. அந்த வருஷம் கடுதாசியும் இரண்டோடு நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா "ஆடிக்கு வாராக" என்று சொன்னாள். ஆடி போனதும் "தைக்கு வாராக" என்றாள். நாரில் கோத்த ஓடு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. நான் மூன்றாம் வகுப்புப் படித்த வருஷம், ஐப்பசி மழை விழுந்தபோது, நாரில் ஒரே ஓர் ஓடுதான் தொங்கியது. அடிப்பாகம், பூத் தழும்போடு. ஆறு இதழ். நான் எண்ணி வைத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அய்யாவுக்கு மூத்தவள், அடுத்த தெரு. அவள் வாய்க்குப் பயந்து தபால்காரரே சைக்கிளை வேறு தெரு வழியாக ஓட்டிக்கொண்டு போவார். அவள் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மகளுடைய மூத்த பையனுக்கு மூன்று வயது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். பையன் தலை ஈரத்துணி மாதிரி தொங்கியது.

"ஏத்தா, புள்ள மூணு நாளா ரத்தமாப் போறான். அந்த ஓட்டை அரைச்சுக் குடு."

"உக்காருங்க மதினி, இந்தா அரைச்சாரேன்" என்று அம்மா எழுந்தாள்.

அத்தையின் கண் அடுப்புக்கு மேலே போயிற்று. "என்னத்தா ஒண்ணே ஒண்ணு தொங்குது?"

"மத்தது டப்பாவுல இருக்கு மதினி."

"டப்பாவுல இருக்கா? மூணு வருசமா மனுசன் வரக்காணோம். ஓடு மட்டும் கடல்ல நீந்தி வந்துச்சாக்கும்?"

அம்மா கொல்லைப்பக்கம் போனாள். அம்மி அங்கேதான் கிடந்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆகவே நானும் பின்னாலேயே போனேன்.

கொல்லையில், குளிக்கிற தண்ணீர் பாய்கிற இடத்தில், ஒரு மாதுளை நின்றது. வருஷத்துக்கு ஏழெட்டுக் காய் காய்க்கும், புளிப்பு. முத்துக்களை நான் தின்பேன். ஓட்டை அம்மா என்ன செய்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. அன்றைக்குத்தான் கூரை இறவாரத்தில் செருகியிருந்த ஓலைக்கொட்டானை அவள் எடுத்தாள். உள்ளே மாதுளை ஓடு, காய்ந்து, மஞ்சளாக. அதில் இரண்டு துண்டை எடுத்து அம்மியில் வைத்தாள். கூடவே கருவேலம்பட்டை ஒரு சிட்டிகை போட்டாள். அரைக்க அரைக்க மஞ்சள் போய்ச் செங்காவி வந்தது.

"அம்மா, இது மங்குஸ்தான் இல்லயே" என்றேன்.

"மெல்லப் பேசு."

"இது கேக்குமாம்மா?"

"கேக்காம என்ன? நான் பொறந்த ஊர்ல காலங்காலமா இதத்தான் குடுப்பாக. கருவேலம்பட்டையும் வயித்துக்கு நல்லதுதான்."

எனக்கு ஆச்சரியமாகப் போயிற்று. "அப்பறம் எதுக்கு நம்ம மங்குஸ்தான் குடுத்தோம்?"

அம்மா குழவியை நிறுத்தினாள். "அது உங்க அய்யா கொண்டாந்ததுடா" என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலே இல்லை என்று எனக்குப் பட்டது.

"இன்னும் ஒண்ணு தொங்குதுல்ல, அதை அரைச்சா என்ன?"

"அது இருக்கட்டும். இத யார்கிட்டயும் சொல்லப்படாது, என்ன?"

சொல்லமாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அத்தை கிண்ணத்தை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். நிறம் பார்த்தாள், மோந்து பார்த்தாள். பிறகு முந்தானையால் மூடிக்கொண்டு, முறைப்படி வாய் திறக்காமல் போனாள். அத்தை வாய் திறக்காமல் எங்கள் வாசலைக் கடந்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு நாள் அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை என்னை அடுத்த தெருவுக்கு விரட்டி, பையன் எப்படி இருக்கிறான் என்று பார்த்து வரச் சொன்னாள். மூன்றாம் நாள் நான் போனபோது பையன் கஞ்சி கேட்டு அழுதுகொண்டிருந்தான். ஓடி வந்து சொன்னேன். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஊருணிக் கரையில் அத்தையின் குரல் நாலு தெருவுக்குக் கேட்டது. "என் தம்பி அனுப்புன ஓடுன்னா சும்மாவா! ஒரு வேளையில நின்னுருச்சுல்ல! இந்த ஊர்க் காயில இருக்குமா அந்தக் காரம்?" குடத்தோடு நின்ற பெண்களெல்லாம் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் சத்தியம் சத்தியம். ஒருவரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகை பிறந்ததும் அம்மா என்னைக் கடுதாசி எழுதக் கூப்பிட்டாள். அதுவரை எங்களுக்குத் தபால்காரர்தான் எழுதித் தருவார். எழுதியதை ஊர்க்காரர்கள் நிற்கிற இடத்தில் சத்தமாகத் திருப்பிப் படித்துக் காட்டுவார். அம்மா சொன்னதில் பாதி அவருக்குப் புரியாது. மீதியை அவரே சேர்த்துக்கொள்வார். நான் எழுத்துக் கூட்டப் பழகியதும் அம்மா பட்ட சந்தோஷம் அந்தக் கடுதாசிக்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் மகன் பேரில்தானே கடுதாசி போகவேண்டும்? "அய்யா அவர்களுக்கு மகன் எழுதிக்கொண்டது" என்று ஆரம்பித்துவிட்டால், அதற்குள் பெண்டாட்டி என்னத்தைச் சொல்லமுடியும்?

அவள் கதவோரம் நின்றுகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நலம், நலமறிய ஆவல். மாடு கன்று போட்டிருக்கிறது. கம்பு சுமார். பிறகு அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஓடு தீந்துபோச்சுன்னு எழுது."

எழுதினேன்.

"ஒண்ணே ஒண்ணுதான் தொங்குது. புள்ளைகளுக்கு முடியலன்னா ஊரே நம்ம வீட்டுக்குத்தான் வருது. இல்லன்னு சொல்ல வாய் வரல. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"பார்சல்ல போடவேண்டாம்னு எழுது. பார்சல்ல வந்தா நசுங்கிப்போகும். கையில கொண்டாந்தாத்தான் ஆகும்னு எழுது."

நான் பேனாவை நிறுத்தினேன். "காஞ்ச ஓடு எப்பிடிம்மா நசுங்கும்?"

"நீ எழுதுடா."

"பூசணம் வேணும்னா புடிக்கும்."

"செரி, பூசணம் புடிக்கும்னு எழுது. கையில கொண்டாந்தாத்தான் ஆகும். அத ரெண்டு தடவை எழுது."

ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதக்கூடாது என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். கடிதம் எழுதுவது எப்படி என்று அந்த மாதம்தான் பாடம் நடந்தது. சுருக்கமாக எழுதவேண்டும், உள்ளதை உள்ளபடி எழுதவேண்டும், பெரியவர்களுக்கு வீண் சிரமம் கொடுக்கக்கூடாது. மூன்றும் எனக்கு மனப்பாடம். அம்மாவுக்காக ஒரு தடவை மட்டும் எழுதிவிட்டு, இரண்டு தடவை எழுதிவிட்டதாகச் சொன்னேன். அவளுக்குத்தான் படிக்கத் தெரியாதே.

தாளின் அடியில் நாலு விரல் இடம் மீதி இருந்தது. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். அய்யா அங்கே கடையில் நாள் முழுக்க நின்று உழைக்கிறார். பாஸ்போர்ட், விசா என்று அலையவேண்டும். கப்பல், ரயில், பஸ், நடை. அத்தனை கஷ்டமும் ஓர் ஓட்டுக்காக. அந்த ஓடு இல்லாமலே இங்கே எல்லோருக்கும் குணமாகிறது என்கிற உண்மை அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தேன்தான். ஆனால் அது ஊருக்குத்தானே? அய்யா நம் வீட்டு மனிதர்.

மீதி இடத்தில் என் சொந்த வாக்கியமாக எழுதினேன். இன்றைக்கும் அதில் ஓர் எழுத்துக்கூட எனக்கு மறக்கவில்லை: "அம்மா இப்போது மாதுளை ஓடு அரைத்துக் கொடுக்கிறாள். அதிலேயே எல்லாருக்கும் குணமாகிறது. அத்தை பேரனும் மூன்று நாளில் குணமானான். ஆகையால் அய்யா ஓட்டுக்காகச் சிரமப்பட்டு வரவேண்டாம்."

இப்போது பரமக்குடியில் ஓர் அலுவலகத்தில் கடிதம் தயாரிக்கிற வேலை பார்க்கிறேன். இத்தனை தெளிவாக ஒரு விஷயத்தை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை.

அம்மா வந்து, படித்துக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னதை மட்டும் படித்தேன். "கையில் கொண்டுவந்தால்தான் ஆகும்" என்பதை இரண்டு தடவை படித்தேன். அவள் தாளை வாங்கி, எழுத்தின் மேல் ஒரு தடவை கையால் தடவிவிட்டு மடித்துக் கொடுத்தாள்.

பிறகு தினமும் மத்தியானம் தபால்காரர் மணிச்சத்தம் கேட்கும் நேரத்துக்கு அம்மா வாசலுக்கு வந்துவிடுவாள். கையில் முறமோ விளக்குமாறோ இருக்கும், வேலையாக வந்தவள் மாதிரி. மார்கழி பிறந்ததுமே சுவருக்கு வெள்ளை அடித்தாள். பொங்கலுக்குத்தானே அடிப்போம் என்றேன். "பொங்கலுக்குத்தான்" என்றாள்.

தை மாதம் பதில் வந்தது. மணிச்சத்தத்துக்கு அத்தையும் வந்து உட்கார்ந்துவிட்டாள். தம்பி கடுதாசி வந்தால் முதலில் கேட்கவேண்டியவள் தான்தான் என்பது அவள் கட்சி. அம்மா வாசலில் உட்கார்ந்து கம்பு புடைத்துக்கொண்டிருந்தாள். நான் நின்றுகொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பதுபோல உரக்கப் படித்தேன்.

மகனுக்கு ஆசி. மாடு கன்று போட்டது சந்தோஷம். பிறகு இப்படி இருந்தது: "மாதுளை ஓட்டிலேயே எல்லாருக்கும் குணமாகிறது என்று எழுதியிருந்தாய். நல்லதாகப் போயிற்று. இனி அதற்காக நான் வரவேண்டிய அவசியம் இல்லை. கடையில் ஆள் குறைவு. இந்த வருஷம் வரத் தோதுப்படாது. பிறகு பார்ப்போம். அம்மாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்."

அவ்வளவுதான். என் கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அது மட்டும்தான் குறை.

முறம் நின்றுவிட்டது. பேரனுக்கு மாதுளை ஓட்டைக் கொடுத்து ஏமாற்றியது வெளியே வந்துவிட்டதே, அத்தை இப்போது ஆடப்போகிறாள் என்று நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அத்தை ஆடவில்லை. உள்ளே எட்டி அடுப்புக்கு மேலே தொங்குகிற ஒற்றை ஓட்டைப் பார்த்தாள். வெள்ளை அடித்த சுவரைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"பாஸ்போட்டுக் கெடுபிடியாத்தான் இருக்கும்த்தா" என்றாள், அவளுக்கு வரவே வராத ஒரு சின்னக் குரலில்.

"ஆமா மதினி" என்றாள் அம்மா. முறம் மறுபடி ஆட ஆரம்பித்தது.

அத்தை எழுந்தாள். போய்ட்டு வாரேன் என்று சொல்லவில்லை. மருந்து வாங்கினவள் மாதிரி வாய் திறக்காமல் போனாள்.

அடுத்த ஐப்பசி மழை விழுந்த மறுவாரம், அத்தை ஒரு துணிமூட்டையோடு எங்கள் தெருவில் வந்தாள். நடுத்தெருவில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினாள்: "ஏத்தா, இந்தா! என் தம்பி சிலோன்லருந்து ஆள்கிட்டக் குடுத்துவிட்டிருக்கான். வாங்கி உள்ள வை!" அம்மா வெளியே வந்து மூட்டையை வாங்கிக்கொண்டாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

உள்ளே போனதும் நான் அவிழ்த்துப் பார்த்தேன். ஓர் ஓட்டின் அடியிலும் பூத் தழும்பு இல்லை. எல்லாம் மாதுளை. பரமக்குடிச் சந்தையில் வாங்கி, காயவைத்து எடுத்து வந்தது என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கோபமாக வந்தது. ஊருக்கு நடுவில் நின்றுகொண்டு, பெரியவள், இப்படிப் பச்சைப் பொய் சொல்கிறாளே!

"அம்மா, அத்தை அய்யா பேரைச் சொல்லிப் பொய் சொல்லுது. அய்யாவுக்கு ஒரு கடுதாசி எழுதிப் போடவா?"

அம்மா ஓடுகளை ஒவ்வொன்றாகக் கொட்டானில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. என் தலையில் கை வைத்து, "இனிமே கடுதாசி வேண்டாம்டா" என்றாள்.

கையெழுத்து நன்றாக இல்லை என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்த மாதம் முழுவதும் இரட்டைக்கோட்டு நோட்டில் எழுதிப் பழகினேன்.